சில்லின் புத்தகத்தைப் பூட்டி வைத்தால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசி நம் பிள்ளைகளை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்பு பேசிய மூவருமே கைப்பேசியின் திரையைப் பற்றித்தான் பேசினார்கள். திரையில் என்ன பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கவலைப்பட்டார்கள். நான் அந்தத் திரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றிருக்கிறேன்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடை. அங்கே வேலை செய்கிறவன் என் அக்காள் மகன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான் என்று அக்காளுக்கு இன்றைக்கும் மனக்குறை. ஒரு நாள் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா செத்துப்போன கைப்பேசி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம். அவர் உயிரோடு இருந்தபோது அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள்.

"தம்பி, போன் போனா போகட்டும். உள்ள அவரு பேசினது இருக்கு. அத மட்டும் எடுத்துக் குடு."

ஏற்கெனவே இரண்டு கடைகளில் "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

கைப்பேசியின் பின்புறத்தைத் திறந்தால் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு பலகை இருக்கும். கடைக்காரர்கள் 'போர்டு' என்பார்கள். அதன்மேல் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். அவைதாம் சில்லுகள். கடையில் 'ஐ.சி.' என்று சொல்வார்கள். நம் நாட்டில் ஐ.சி. என்றவுடன் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டையைத்தான் தொட்டுப் பார்ப்போம்! வேடிக்கை என்னவென்றால், இந்த ஐ.சி.க்குத்தான் அடையாளமே சரியாகக் கிடைப்பதில்லை. மேலே ஏதோ எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் பல வேளைகளில் ஒன்றும் வராது.

ஒவ்வொரு சில்லுக்கும் அதைச் செய்த நிறுவனம் ஒரு புத்தகம் எழுதி வைத்திருக்கும். சில நூறு பக்கத்திலிருந்து சில ஆயிரம் பக்கம் வரை போகும். எந்தக் காலில் எவ்வளவு மின்னழுத்தம், சில்லின் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான எண்ணிட்ட பெட்டிகளில் எதில் எந்த மதிப்பை எழுதினால் என்ன நடக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். பொறியாளர்கள் அந்தப் பெட்டிகளை 'ரெஜிஸ்டர்' என்பார்கள். ஒரு பெட்டியில் ஒன்று என்று எழுதினால் விளக்கு எரியும். இன்னொன்றில் எழுதினால் மணி ஒலிக்கும். எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாவிட்டால், இருட்டில் தடவுவதுதான். கைப்பேசிச் சில்லுகளைப் பொறுத்தவரை, அந்தப் புத்தகத்தை இலட்சக்கணக்கில் சில்லு வாங்கும் நிறுவனத்துக்கு மட்டுமே கொடுப்பார்கள். அதுவும் வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிய பிறகு.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் 'இரகசியம்' என்று முத்திரை. வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வரவேண்டும். தொழிற்சாலையைக் குறை சொல்லவில்லை. அந்தத் தாள் தொழிற்சாலைக்குச் சொந்தமும் அல்ல, சில்லை வடிவமைத்தவருக்குச் சொந்தம்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் தொடங்கியது. பால்மரம் சீவிய குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் அங்கே தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு அணிந்து வேலைக்குப் போனார்கள். இன்டெல் அங்கே இருக்கிறது. இன்ஃபினியோன் 2006-இல் ஆலை திறந்தது. நம் நாட்டு நிறுவனமான சில்தெரா அங்கே சிலிக்கன் தகடுகளில் சில்லுகளைச் செய்கிறது; கைப்பேசித் திரையை இயக்கும் சில்லுகள் அதன் முக்கியமான தயாரிப்புகளில் ஒன்று. ஆக, கூலிமில் ஒரு பெண் கையாண்ட சில்லு ஊர் சுற்றி, கைப்பேசிக்குள் புகுந்து, சுங்கைப்பட்டாணியில் அவளுடைய தம்பியின் மேசைக்கே பழுதாகி வந்து சேரலாம். அக்காள் செய்ததைத் தம்பி பழுது பார்க்க வேண்டும். இருவர் கையிலும் புத்தகம் இல்லை.

அப்படியானால் என்னதான் வழி? வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பின்னோக்குப் பொறியியல். செய்து முடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படிச் செய்யப்பட்டது என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடிப்பது. பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். என் தாயார் செய்ததும் ஒரு வகையில் அதுதான். பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் அவருக்குப் படம் போட்டுக் காட்டவில்லை. கத்தி கொஞ்சம் மேலே போனால் பால் குறையும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கை கண்ட அளவுதான் கணக்கு. ஒரு வேறுபாடு உண்டு. தாயார் கண்டதை எழுதி வைக்கவில்லை. அது அவரோடு போய்விட்டது.

உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 2010-ஆம் ஆண்டு. ஹரால்ட் வெல்டே என்ற ஜெர்மானியப் பொறியாளரும் அவருடைய நண்பர்களும் 'ஓஸ்மோகாம் பிபி' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். வெல்டே அதற்கு முன்பு 'ஓப்பன்மோக்கோ' என்ற கைப்பேசியை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். எல்லாமே திறந்த முறையில் இருக்கவேண்டும் என்று செய்த கைப்பேசி அது. ஆனாலும், கோபுரத்தோடு பேசும் அலைச் சில்லு மட்டும் மூடியபடியே இருந்தது. அந்தக் கதவை எப்படியாவது திறக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு.

அவர்கள் எடுத்துக்கொண்ட கைப்பேசியைக் கேட்டால் சிரிப்பீர்கள். மோட்டரோலா சி118, சி123 போன்ற வகைகள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த அதே போன்ற மலிவான பொத்தான் கைப்பேசிகள். ஐரோப்பாவில் பழைய சாமானாகச் சில யூரோவுக்குக் கிடைத்தன. அதனுள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த 'கலிப்சோ' என்ற சில்லு. முழுப் புத்தகம் கிடையாது. இணையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த சில தாள்கள், பழைய நிரல்களின் துண்டுகள், அவ்வளவுதான். மீதியை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

எந்த வழியாக உள்ளே போனார்கள் தெரியுமா? காதில் பாட்டுக் கேட்க ஒயர் செருகும் அந்தச் சின்னத் துளை வழியாக! அந்தத் துளையின் பின்னால் சோதனைக்காகத் தயாரிப்பாளர் ஓர் இணைப்பு வைத்திருந்தார். ஒயரைக் கணினியோடு சேர்த்து, கைப்பேசி விழித்தெழும் அந்த நொடியில் தங்கள் நிரலை உள்ளே அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று குறித்து வைத்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே தாங்கள் எழுதிய நிரலைக் கொண்டு தொலைபேசி அழைப்பு எடுத்தார்கள்.

இதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். அதே 2010 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், சில்வேன் முனோ என்ற இருவர் பெர்லின் மாநாட்டில் ஒரு செய்முறை காட்டினார்கள். இப்படிப்பட்ட மலிவான கைப்பேசிகள் சிலவற்றை வைத்தே, இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி அழைப்புகளை ஒட்டுக்கேட்க முடியும் என்பதைக் கண்ணெதிரே காட்டினார்கள். அதுவரை அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டும், சாதாரண ஆளால் முடியாது என்றுதான் தொலைத்தொடர்புத் துறையில் சொல்லிக் கொண்டிருந்தார்கள். பூட்டு பலமில்லை என்பதைப் பூட்டு வியாபாரி சொல்லமாட்டார் அல்லவா? அடுத்த வீட்டுக்காரர் யாராவது இழுத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது, சிங்கப்பூரில். ஆண்ட்ரூ ஹுவாங் என்ற பொறியாளர், 'பன்னி' என்றால்தான் பலருக்குத் தெரியும். 2013-இல் சீனாவின் ஷென்சென் நகரச் சந்தையில் 12 அமெரிக்க டாலருக்கு ஒரு கைப்பேசியைப் பார்த்தார். இவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது என்ற வியப்பு. உள்ளே மீடியாடெக் நிறுவனத்தின் சில்லு. சீனாவில் அந்தச் சில்லின் வரைபடங்களும் தாள்களும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சுற்றிக் கொண்டே இருக்கும். முறைப்படி அனுமதியும் கிடையாது, யாரும் தடுப்பதும் கிடையாது.

பன்னியும் அவருடைய நண்பர் ஷான் கிராஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்டி6260 என்ற சில்லை எடுத்துக்கொண்டார்கள். கிடைத்த தாள்கள் அரைகுறை. ஆனால் அதே குடும்பத்துப் பழைய சில்லுகளின் தாள்கள் உதவின. அண்ணன் முகத்தை வைத்துத் தம்பியை அடையாளம் காண்பதுபோல! அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கைப்பேசியின் நினைவகச் சில்லுக்குப் பதிலாக, அதுபோலவே நடிக்கும் ஒரு கருவியைச் செய்து பொருத்தினார்கள். தலைமைச் சில்லு, தன் பழைய நினைவகத்தோடுதான் பேசுகிறேன் என்று நினைத்து எல்லாவற்றையும் கேட்கும். அது முதலில் எதைக் கேட்கிறது, அடுத்து எதைக் கேட்கிறது என்று இவர்கள் பார்த்துக் கொண்டே இருந்தார்கள். 2014 டிசம்பரில் ஹம்பர்க் மாநாட்டில் 'ஃபெர்ன்வேல்' என்ற பெயரில் தங்கள் பலகையையும் நிரலையும் வெளியிட்டார்கள்.

சட்டம் விடுமா என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. பன்னி மிகவும் கவனமாக இருந்தார். மற்றவர் எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போடவில்லை. எந்தப் பெட்டியில் எந்த மதிப்பு என்பது வெறும் தகவல், தகவலுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது என்பது அவருடைய வாதம். அந்தத் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு நிரலைப் புதிதாகத் தாங்களே எழுதினார்கள். 1982-இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் கணினிக்கு ஒத்த கணினியைச் செய்தபோதும் இப்படி ஓர் எல்லை வைத்துக் கொண்டுதான் வேலை செய்தது. ஒரு குழு பார்த்து எழுதும். மூலத்தைப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாகச் செய்யும்.

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-இல் ஒரு திருத்தம் அமலுக்கு வந்தது. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது குற்றம் என்கிறது. ஆனால் சொந்தமாக எழுதிய நிரல் மற்றொன்றோடு இணைந்து இயங்குவதற்காகவும், பாதுகாப்புக் குறையைச் சோதிப்பதற்காகவும் செய்வதற்கு விலக்கு வைத்திருக்கிறது. சில்லின் உள் அமைப்புக்கென்று 2000-ஆம் ஆண்டில் தனிச்சட்டமே உண்டு. அதிலும் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் இடம் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன். வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுக் கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் கைப்பேசி அலைவரிசையில் எதையும் ஒலிபரப்ப முடியாது என்பது மட்டும் உறுதி. அதற்குத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருட்டுக் கைப்பேசியின் அடையாள எண்ணை மாற்றிக் கொடுத்துக் காசு பார்க்கும் ஆட்களும் இதே மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். 'போன் கடைப் பையன்' என்றால் பெண் கொடுக்கத் தயங்குவதற்கு அவர்கள்தான் காரணம். சமையல் கத்தியால் குத்தினான் என்பதற்காகச் சமையலை நிறுத்துவதா?

சரி, அந்தப் பீடோங் அம்மாவின் கைப்பேசிக்கு வருகிறேன்.

நினைவகச் சில்லை மட்டும் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஒட்டினால் குரல் பதிவு கிடைக்காதா என்று கேட்பீர்கள். பழைய கைப்பேசிகளில் கிடைக்கும். இப்போதைய கைப்பேசிகளில் தகவல்கள் மறையெழுத்தில் இருக்கும். திறவுகோல் தலைமைச் சில்லுக்குள் இருக்கும். இரண்டையும் பிரித்தால் பதிவு வெறும் குப்பை. ஆகவே அதே பலகைக்கு உயிர் கொடுத்தே ஆகவேண்டும். மற்ற கடைக்காரர்கள் கைவிட்டதும் அதனால்தான்.

என் மருமகன் என்ன செய்தான்? திரை உடைந்து யாரோ விட்டுப்போன அதே மாதிரிக் கைப்பேசி ஒன்று கடையில் கிடந்தது. அதன் பலகை நல்ல பலகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மல்ட்டிமீட்டரில் டையோடு அளவு முறையைத் திருப்பி, சிவப்பு முனையைத் தரையிணைப்பில் வைத்து, கறுப்பு முனையால் நல்ல பலகையின் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டான். 0.4, 0.35, 0.52 என்று வரும். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில், பலகையின் படத்தைக் கையால் வரைந்து, அந்தந்த இடத்தில் எழுதினான். இரண்டு இரவு. பிறகு செத்த பலகையில் அதே புள்ளிகள். பவர் ஐ.சி.க்குப் பக்கத்தில் ஒரு வழித்தடத்தில் மட்டும் எண் சுழியத்துக்கு விழுந்தது. ஷார்ட்!

அந்தத் தடத்தில் சிறு சிறு மின்தேக்கிகள் பல. கடுகில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். எது பழுது? கண்ணுக்குத் தெரியாது. சால்டர் வைக்கும்போது பயன்படுத்தும் குங்கிலியத்தைச் சூடாக்கி, அந்தப் புகையை அவற்றின்மேல் படியவிட்டான். வெள்ளைப் பொடி பூசியதுபோல் ஆகிவிடும். பிறகு அந்தத் தடத்தில் ஒரு வோல்ட் மட்டும் கொடுத்தான். பழுதான மின்தேக்கி சூடாகும். அதன் மேலே மட்டும் வெள்ளை உருகிக் கறுப்பாகத் தெரியும். தெரிந்தது. அதை எடுத்தான். கைப்பேசி எரிந்தது.

"மாமா, அந்த ஐ.சி. பேருகூட எனக்குத் தெரியாது" என்றான் என்னிடம். அந்த நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூலிமில் அலமாரிக்குள் நான் வைத்துப் பூட்டிய தாள்களில் ஒரு பக்கத்தை இவன் மேசையில் உட்கார்ந்து தானே எழுதியிருக்கிறான். இதைப் படிப்பு என்று அவனும் நினைக்கவில்லை, என் அக்காளும் நினைக்கவில்லை.

அந்த அம்மா கடையிலேயே நின்று ஒரு பதிவைக் கேட்டார். கடைக்கு அரிசி சொல்லிவிட்டாயா என்று கணவர் கேட்கிறார். அவ்வளவுதான் பேச்சு. மீதியை வீட்டில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் பதிந்து கொடுத்து, வேலைக்கு மட்டும் அறுபது வெள்ளி வாங்கினான்.

பழுதுபார்ப்பது ஒரு படி. அடுத்த படிக்கும் அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். பல பலகைகளில் சோதனைக்கென்று சின்ன வட்டப் புள்ளிகள் விட்டிருப்பார்கள். அவற்றில் சரியான இரண்டைக் கண்டுபிடித்து ஒயர் வைத்தால், கைப்பேசி விழிக்கும்போது தான் என்னென்ன செய்கிறேன் என்று வரிவரியாகக் கணினிக்குச் சொல்லும். எந்தச் சில்லை எழுப்புகிறது, எது பதில் சொல்லவில்லை என்பதெல்லாம் அதில் வரும். இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த இடத்தில் பெரும்பாலும் 1.8 வோல்ட்தான். 3.3 வோல்ட் கருவியைக் கொண்டுபோய் வைத்தால் கருகிவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இதெல்லாம் எதற்கு, புதிதாகவே வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு சொல். 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜி சேவையை நிறுத்தினார்கள். அதற்கு முந்திய மாதங்களில், பள்ளிகள் மூடியிருந்தபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் ஒரு கைப்பேசிக்கு இரண்டு ஆண்டு கூடுதல் ஆயுள் என்பது சின்ன விஷயம் அல்ல. உற்பத்தியாளர் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட கைப்பேசிக்கும் பத்தாண்டு ஆயுள் கொடுக்கவேண்டும் என்று 2017-இல் 'போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி இன்றும் நடத்தி வருகிறார்கள். புத்தகம் இல்லாத சில்லுகளோடு மல்லுக்கட்டிக் குறிப்பு எழுதுகிறவர்களால்தான் அது நடக்கிறது.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் பழைய கைப்பேசி இரண்டு மூன்று கிடக்கும். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், ஆபத்து. மற்றவற்றில் சிம் அட்டையையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, எரிகிற கைப்பேசியாக இருந்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, உங்கள் ஊரில் நம்பிக்கையான பழுதுபார்க்கும் பையன் யாரிடமாவது கொடுங்கள். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அளந்து பார்க்க அவர்களுக்கு நல்ல பலகைதான் கிடைப்பதில்லை. என் மருமகனின் மூன்றாவது நோட்டுப் புத்தகம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.